நீயே கேள், அம்மாளாச்சி

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகமென்றால் மெட்ரோ முடிகிற வெஸ்ட்லிக்குப் போய் சிவநாயகியிடமே விசாரியுங்கள். கதவைத் திறப்பாள். பதில் சொல்வாளா, அது வேறு விஷயம்.

2004ஆம் ஆண்டு, தை மாதம். அன்று அவள் கணவர் குகதாசனுடைய அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடியில் இடது காலின் சின்னவிரலைப் பறிகொடுத்தும் உயிர் தப்பி இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த மனிதர், லில்லெஸ்ட்ரோமில் ஒரு கூரையில் பனி தள்ளப் போய் விழுந்து செத்தார். வேலைக்கு வைத்திருந்த ரொல்ஃப் வாய் கூசாமல் சொன்னான்: “குடித்திருந்தான். பாதுகாப்புக் கயிற்றைத் தானே கழற்றினான்.” வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்! சிவநாயகிக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த நாட்டுப் பாஷை வராதவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

சடங்கு முடிந்து சனம் போனதும் அம்மன் படத்தின் முன் விளக்கேற்றினாள்.

“உன்னை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்? அவன்ரை பாஷை எனக்குத் தெரியாது. நீயே கேள், அம்மாளாச்சி.”

யாழ்ப்பாணத்தில் ‘அம்மாள் கேப்பா’ என்றால் பழிக்குப் பழி என்று பொருள். சும்மா சொல்லுகிற வார்த்தை இல்லை.

மாலை ஆறு மணி. வெளியே கும்மிருட்டு. விளக்குச் சுடர் வாசல் பக்கம் சாய்ந்தது. காற்றே இல்லை.

க்ளக்...

பூட்டிய கதவு தானாகத் திறந்தது.

விளக்கடியிலிருந்து லிஃப்ட் வரை ஈரம். சொட்டுச் சொட்டாக...

லிஃப்ட் கீழே போனது. உள்ளே ஆளில்லை.

ஒரு கிழமை கழித்து ரொல்ஃப் அவள் வாசலில் நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. அவன் சொன்னதை மகள் கம்சிகா தமிழில் சொன்னாள்.

“அம்மா, ஒவ்வொரு நாளும் இவற்ரை கதவைத் தட்டுதாம். திறந்தால் ஆளில்லையாம். குரல் மட்டும்தானாம். அது என்ன கேக்குது எண்டு கேக்கிறார்.”

தமிழே தெரியாத அந்த வாய் நடுங்கி நடுங்கி உச்சரித்தது.

“எங்... கை... கயி... று?”

எங்கே கயிறு!

கம்சிகா அர்த்தம் சொன்னாள். அவன் அப்படியே மண்டியிட்டான். கயிறே கொடுக்கவில்லை என்று அழுதான். பொலிஸிடமும் சொல்லிவிட்டானாம். இனி நிறுத்தச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான்.

சிவநாயகிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனித்தது என்றே சொல்லலாம்.

“கேக்கச் சொன்னனான். நிப்பாட்டச் சொல்லமாட்டன் எண்டு சொல்லு.”

கதவைச் சாத்தினாள்.

மறுநாள், குகதாசனோடு வேலை செய்த அருளானந்தன் ஓடி வந்தான்.

“அக்கா, ரொல்ஃப் செத்திட்டான். அதே கூரை. கயிறு கொக்கியிலை பூட்டினபடி கிடக்கு. முடிச்சு அவிழேல்லை, அறவும் இல்லை. ஆள்தான் கீழை.”

“கும்பிட்டது வீண்போகேல்லை,” என்றாள் சிவநாயகி. “அம்மாளாச்சி கேட்டிட்டா.”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அம்மாளாச்சியோ... தெரியேல்லை அக்கா. கூரைப் பனியிலை வெறுங்கால் தடம். என்ரை கண்ணாலை பாத்தனான்.”

“அதுக்கென்ன?”

“இடது காலிலை... நாலு விரல்தான்.”