குசினிக் கதவுப் பாடம்

எண்பதுகளின் நடுவில், பேர்ண் நகருக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் எங்களுக்கு முதல் குளிர்காலம். எனக்கு ஏழு வயது. அகதி மனுவுக்கு முடிவு வரும்வரை பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று அம்மா என்னை வீட்டிலேயே வைத்திருந்தார். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்; கையெழுத்துக்குப் பெருவிரல்தான். எங்களோடு அந்த வீட்டில் இருந்த அண்ணை, சொந்தமில்லாத இன்னொரு அகதி, ஊரில் பத்தாம் வகுப்புவரை படித்தவர். பின்னேர வேலைக்குப் போகுமுன் எனக்குப் பாடம் சொல்லித்தருவார். கொப்பி வாங்காமல் குசினி அலுமாரிக் கதவில் வெண்கட்டியால் எழுதினோம். ஒரு கதவில் தமிழ், மற்றதில் ஜெர்மன். அம்மா பக்கத்தில் வெங்காயம் வெட்டுவார். நான் பிழைவிட்டால் அண்ணைக்கு முன்னமே அம்மாவின் கத்தி நின்றுவிடும்.

ஒருநாள் பள்ளிக்கூட அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தார். பேர்ண் மாநிலத்தில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமாம். ஆனால் அனுமதி எடுக்கவேண்டும், அவர்களுடைய பாடத்திட்டப்படி நடத்தவேண்டும், ஆசிரியர் சான்றிதழ் உள்ள ஒருவர் மேற்பார்க்கவேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பாராம்.

“உங்கட சேர்ட்டிபிக்கற் காணாதோ, தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“அது இஞ்ச கடலை சுத்தத்தான் உதவும், அக்கா.”

வீடு ஊத்தையாக இருந்தால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையிலேயே அம்மா வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டார். வடையும் சுட்டார். குசினிக் கதவுகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மூன்று மாதப் பாடம் வாளித் தண்ணீரோடு போனது.

இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டு வடை சாப்பிட்டு, பிள்ளை எழுதியதைக் காட்டச் சொன்னார். அண்ணை கதவைப் பார்த்தார். கதவு பளபளவென்று இருந்தது. சரி, இப்போது எழுதட்டும் என்று வெண்கட்டியை என்னிடம் தந்தார்கள்.

எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் தினமும் யன்னலால் பார்த்த பிள்ளைகள், பனியில் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைகள், அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தார்கள். எழுதாவிட்டால் என்னையும் அங்கே அனுப்புவார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என் கையிலிருந்து வெண்கட்டியை எடுத்தார். ஒரு கதவில் தமிழில் என் பெயரை எழுதினார். மற்றதில் ஜெர்மன் எழுத்தில் எழுதினார். எழுத்து பிழைக்கவில்லை. அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். அம்மா எவ்வளவு காலம் படித்தவர் என்று இன்ஸ்பெக்டர் கேட்க, அண்ணை அதைத் தமிழில் சொன்னார்.

“மூண்டு மாசம்,” என்றார் அம்மா.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன். அண்ணை அதன்பிறகு பாடமில்லாமல் வேலைக்குப் போகும்வரை நித்திரைகொண்டார். நான் திரும்பி வந்தபோது அம்மா குசினியில் வெண்கட்டியோடு நின்று, இன்றைக்கு என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றுவிட்டுப் பனிக்குள் ஓடினேன். அடுத்த நாளும் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

அந்த வீட்டை விட்டுப் போகும்வரை, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவும் அம்மா, என் பெயர் எழுதிய அந்த இரண்டு கதவுகளை மட்டும் கழுவவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.