மாடு எட்டாத பெயர்

என் தாய்மாமன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். இந்த விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லியில் அப்போதிருந்த ஒரே அச்சுக்கூடம் என் நைனாவுடையது. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு மிஷின், நாலைந்து எழுத்துப் பெட்டிகள், நைனா, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பிழைப்பு ஓடியது. பஞ்சாயத்து போர்டு தேர்தல் வந்தால் மட்டும் மிஷினுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அந்தத் தேர்தலில் ஓர் அரிசி மில் முதலாளி நின்றார். அப்போதெல்லாம் நிற்கிற ஆளுக்கு ஒரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி, அவருடையது பச்சை. அவருக்கு வலது கை என் மாமா. எதிராளி கோயில் நிலத்தை விழுங்கினவர் என்று ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு, பச்சைத் தாளோடு மாமா வந்தார். அது மெய்யா பொய்யா என்று நைனா கேட்கவில்லை, எழுதினவன் பாடு என்று விட்டுவிட்டார். ஆனால் தேர்தல் நோட்டீஸ் எதுவானாலும் அடித்தவர் பெயரும் வெளியிடுகிறவர் பெயரும் அடியில் இருந்தாக வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். அதில் அவர் கறார்.

“பேரு போடாம மிஷின்ல ஏத்த மாட்டேன் மச்சான். இஷ்டமில்லாங்காட்டி பட்டணத்துக்குப் போய் அடிச்சிக்கோ.”

“தாராளமா போடு மாமே. நான் இன்னா ஒளிஞ்சிகினா கீறேன்?” என்று மாமா சிரித்தார்.

வெளியிடுபவர் என்று மாமா பெயரையும், அச்சிட்டவர் என்று தன் பெயரையும் நைனா ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எட்டு வயது, எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அச்சில் நைனா பெயரைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

அந்த வாரம் லீவுக்கு நசரத்பேட்டையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பச்சை நோட்டீஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது. மாமா என் கையில் பெரிய கத்திரிக்கோலைக் கொடுத்து, அடிவரியை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னார்.

“அதுல நைனா பேரு கீதே மாமா?”

“அதுக்குத்தான் கண்ணு வெட்டச் சொல்றேன். செவுத்துல ஒட்டினா பசைக்கு மாடு வந்து நக்கும். நைனா பேரை மாடு நக்கலாமா?”

கரையான்சாவடிச் சுவர்களில் மாடுகள் நோட்டீஸை உரித்துத் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். எச்சில் ஒழுகுகிற அந்த வாய்க்குள் நைனா பெயர் போவதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். விரல் கொப்புளித்தது. துண்டுகளை அடுப்பில் போடச் சொல்லிவிட்டு மாமா வெளியே போனார். நைனா பெயரை எப்படிக் கொளுத்துவது? அத்தனையையும் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டி, வளையத்துக்குள் வளையமாகக் கோத்தேன். அழுக்குப் படாமலிருக்க எழுத்தை உள்பக்கம் வைத்தேன். அச்சுக்கூட வாசல் நிலையில் தோரணமாகக் கட்டினேன். எந்த மாட்டுக்கும் எட்டாத உயரம். வேலை மும்முரத்தில் நைனா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஓர் அதிகாரி, போலீஸ்காரர் ஒருவரோடு வந்தார். எதிராளி புகார் கொடுத்திருந்தார். அதிகாரி கையில் பச்சை நோட்டீஸ் இருந்தது. அடியில் பெயர் இல்லை. மில் முதலாளி தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

“பேரு போட்டுத்தான் அடிச்சேன் சார். மாதிரித்தாள் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், காட்டறேன்” என்று நைனா கம்பியில் குத்தி வைத்த தாள்கள் பக்கம் போனார்.

அதிகாரி வாசலுக்கு உள்ளே வந்தபோது அவருடைய தலைப்பாகை தோரணத்தில் இடித்தது. ஒரு வளையம் அறுந்து உருண்டுபோய் நைனாவின் காலடியில் நின்றது. நைனா குனிந்து எடுத்துப் பிரித்தார். கோணல்மாணலாக வெட்டுப்பட்ட அந்த வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார். என் விரல் கொப்புளத்தைப் பார்த்தார். வளையத்தை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

“இல்ல சார். மறந்துட்டேன். நான்தான் பேரு போடாம அடிச்சிட்டேன்.”

“பொய் சொல்றியே நைனா! நீ கோத்ததை நான் பாத்தேனே!” என்று கத்தினேன். நைனா என் வாயைப் பொத்தினார். அவர் என்னைத் தொட்டு அடக்கியது அந்த ஒரு தடவைதான்.

மிஷினுக்குச் சீல் வைத்தார்கள். கேஸ் நடந்தது. அடிக்கக் கொடுத்தவன் யாரோ தெரியாது என்று நைனா சாதித்தார், மிஷின் கையைவிட்டுப் போனது. அதன் பிறகு நைனா சாகும்வரை பட்டணத்தில் யாரோ ஒருவருடைய அச்சகத்தில் யாரோ பெயரைக் கோத்துக்கொண்டிருந்தார். மில் முதலாளி ஜெயித்து மாலை போட்டுக்கொண்டார். மாமாவுக்குப் போர்டில் உத்தியோகம் கிடைத்தது. என்ன உத்தியோகம் தெரியுமா? அனுமதியில்லாமல் ஒட்டின நோட்டீஸைக் கிழிக்கிற உத்தியோகம்! தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், படுபாவி. அம்மா பரிமாறினாள். நைனா பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்தத் துண்டையோ மாதிரித்தாளையோ காட்டியிருந்தால் மிஷின் பிழைத்திருக்கும். ஆனால் வெட்டினது யார் என்று கேட்பார்கள். எட்டு வயதுப் பெண்ணைச் சைதாப்பேட்டை கோர்ட்டுக் கூண்டில் ஏற்றி, தாய்மாமனைக் கைகாட்டு என்பார்கள். இது எனக்குப் புரிய, நானும் ஒரு பெண்ணைப் பெற வேண்டியிருந்தது.

அன்று எனக்கு நைனா மேல்தான் கோபம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதிகாரிக்குப் பயந்து பொய் சொன்னார் என்று கோபம். அதைவிட, மாடு எட்டாத உயரத்தில் அவர் பெயரைக் கட்டி வைத்தேனே, அதற்கு நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம்.