கல் நாளமும் கால் நாளமும்

கல்லக்கா என்றால் அந்தக் கல்லூரியில் தெரியாதவர் கிடையாது. பாறையியல் துறையின் கடைசி அறையில் நுண்ணோக்கியின் மேல் குனிந்தபடியே பாதி ஆயுளை ஓட்டியவள். யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். தலையை நிமிர்த்தினால்தானே முகம் கொடுக்க முடியும். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களுக்கெல்லாம் அவள் கல்லைப் பற்றிப் பேசியே அலுப்பூட்டி அனுப்பிவிட்டாள் என்று துறைக்குள் ஒரு கதை உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

கருங்கல்லில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுமே, அதுதான் அவள் பிழைப்பு. அந்தத் துறையில் அதற்கு நாளம் என்று பெயர். பூமிக்குள் அழுத்தத்தில் சிக்கிய சுடுநீர் பாறையைப் பிளக்கும். நீரில் கரைந்திருப்பது விரிசலில் படிந்து குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லாக இறுகும். மறுபடி அழுத்தம் ஏறும், அதே இடத்தில் பிளக்கும், மறுபடி மூடும். கல்லைக் காகிதத்தைவிட மெல்லிய சீவலாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பிளவும் ஒரு வரியாகத் தெரியும். வரிகளை எண்ணினால் பாறை எத்தனை முறை உடைந்தது என்று சொல்லிவிடலாம். அவள் எண்ணிச் சொன்னதை அந்தத் துறையில் யாரும் இரண்டாம் முறை எண்ணியதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. அவன் டாக்டர், அதுவும் ரத்த நாளங்களுக்கான டாக்டர். அவர்களுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் எடுத்தவள். முழங்காலுக்குக் கீழே அவளுக்கு ரத்த நாளங்கள் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும். "ஒருத்தன் என் காலைப் பாக்குறான், ஒருத்தி கல்லைப் பாக்குறா. என் முகத்தைப் பாக்கத்தான் ஆள் இல்ல" என்று இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் தம்பி ஒரு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்கு வந்தான். உள்ளே சாயமேற்றிய கண்ணாடித் தகடுகள்.

"அக்கா, உன் மெஷின்ல இதைக் கொஞ்சம் வெச்சுப் பாரேன்."

"என்னடா இது?"

"ஒரு சலூன்காரர் கால்லேர்ந்து எடுத்த நாளம். ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு, அப்புறம் வழிவிட்டிருக்கு, திரும்ப அடைச்சிருக்கு."

"செத்த கல்லு மட்டும்தான் இங்க உள்ள வரும்" என்றாள். சொல்லிக்கொண்டே தகட்டை வாங்கிப் பொருத்தினாள். ஒளியை ஒரே திசையில் வடிகட்டும் வில்லையைத் திருப்பினாள். இருட்டில் நார் நாராகச் சதை மின்னியது. அடுக்கடுக்காக, வரிவரியாக. தகட்டை மெல்ல நகர்த்தி மறு ஓரம்வரை பார்த்தாள்.

"டேய், இது என் கல்லு மாதிரியே இருக்கு."

அதற்கப்புறம் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கேதான் வந்தான். அவனுக்காகவே ஒரு நாற்காலி போடப்பட்டது. தனக்கு எத்தனை முறை அடைப்பு வந்தது என்று நோயாளிகளுக்கே தெரிவதில்லை, கால் வலி என்று தைலம் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வரிகளை எண்ணினால் மொத்தக் கதையும் வந்துவிடும் என்றான். டாக்டர்கள் மாநாட்டுக்குத் தலைப்பும் கொடுத்துவிட்டான். அக்கா பெயரையும் சேர்த்தே கொடுத்தான்.

அவளுக்கு உறுத்திய விஷயம் சின்னது. சலூன்காரருக்கு அடைப்பு வந்ததாகத் தெரிந்தது இரண்டு முறை. வரிகளோ ஏழு. கேட்டால், மீதி ஐந்தும் அவருக்கே தெரியாமல் வந்துபோயிருக்கும் என்றான் தம்பி. எதைக் கேட்டாலும் சரியாக வந்துவிடுகிற பதில் அவளுக்குப் பிடிக்காது. அதே நாளத்தில் ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு சீவல் வேண்டும், அடைப்பே வராத கால்களின் நாளங்களும் வேண்டும் என்றாள். இதய அறுவை சிகிச்சைக்காகக் காலிலிருந்து எடுத்த நாளங்களில் மிஞ்சிய துண்டுகளை அவன் கேட்டு வாங்கி வந்தான்.

சலூன்காரரின் புதுச் சீவலில் வரிகள் நான்குதான். இரண்டு மூன்று வரிகள் வழியில் ஒன்றாகிவிட்டிருந்தன. குறை தன் முறையிலேயே இருக்குமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. பழைய கற்களை எடுத்து விரற்கடைக்கு ஒன்றாக அறுத்து, தேய்த்து, வரி எண்ணினாள். கல் சொன்னதையே சொன்னது. பிறகுதான் அடைப்பு வராத நாளங்களைப் பார்த்தாள். முக்கால்வாசித் தகடுகளில் வரிகள் இருந்தன.

அன்று சாயங்காலம் தம்பி வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"எண்ண முடியாதுடா."

"எதை?"

"வரியை. அடைப்பே வராதவங்களுக்கும் இருக்கு. ஒரே நாளத்துல இங்க ஏழு, அங்க நாலு."

"வெட்டினதுல ஏதாவது கோளாறு இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சுப் பாத்தேன். இல்ல. கல்லு உடைஞ்சா உடைஞ்சபடி கெடக்கும். காலு அப்படியா? உயிரோட இருக்குறவரைக்கும் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுக்கிட்டே இருக்கு."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல்ல எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

அவன் டப்பாவை மூடினான். "மாநாட்டுல தலைப்பு குடுத்தாச்சு. மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குறது?"

"இப்ப இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."

அவன் சிரிக்கவில்லை. போனவன் போனவன்தான், போன்கூட இல்லை. சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் சாயங்காலங்கள் நீண்டுவிட்டன. அவன் நாற்காலியை ஒரு நாள் மூலைக்குத் தள்ளினாள், மறுநாள் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள்.

மாநாடு முடிந்த மறுநாள் தம்பியின் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"எங்கிட்ட அவன் எங்க பேசுறான்?"

"தலைப்பையே மாத்திட்டாராம். வரியை நம்பி எண்ணாதீங்கன்னு அதையே பேசிட்டு வந்திருக்கார். பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போயிட்டாங்களாம். உங்க பேரையும் அப்படியே வெச்சிருந்தாராம். ஒரு லேடி டாக்டர் மட்டும் கடைசிவரைக்கும் உக்காந்திருந்து, நானும் இந்த வரியைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்னு சொல்லி எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாங்களாம்."

"சாப்பிட்டானா?"

"நல்லாச் சாப்பிட்டார்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் தம்பி வந்தான். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வரிகள் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் வேறு என்னத்தைச் சொல்கின்றன என்று கேட்டான். இருவருமாகத் தகடுகளைத் திரும்பப் பார்த்ததில், ரத்தம் நின்று நின்று எந்தப் பக்கம் சுவரை அதிகம் அழுத்தியதோ அந்தப் பக்கம் நார்கள் தடித்திருந்தன. அதை எழுத ஒரு வருடம் ஆனது. சின்ன மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்தது. படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தன் நரம்பு என்ன சொல்கிறது என்று சலூன்காரர் ஒரு நாள் தம்பியைக் கேட்டாராம்.

"நீங்க ரொம்ப நேரம் நிக்கிறீங்கன்னு சொல்லுது."

"அதுக்கு எதுக்கு டாக்டர் அறுத்துப் பாத்தீங்க? என்னையே கேட்டிருக்கலாமே."

அந்தக் கோடையில் கல்லக்கா குவாரிக்குக் கிளம்பியபோது தம்பியும் கூட வந்தான். வெட்டிய பாறைச் சுவரில் வெள்ளை நாளம் ஆள் உயரத்துக்கு ஏறிப்போவதைக் காட்டினாள். அவன் தொட்டுப் பார்த்தான், தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் வெயில் தாங்கவில்லை என்று வேனுக்குள் போய்த் தூங்கிவிட்டான். அவள் எழுப்பவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்கு நடந்தாள்.