போட்டோவுக்கு வரும் அண்ணன்

ஊரில் எல்லோரும் அவரை 'மோட்டார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயலின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமிலேயே குடியிருப்பதால் வந்த பெயர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு கட்டிலோடு இங்கே வந்தவர்தான். பேச்சுத்துணைக்கு அந்தத் தண்ணீர் மோட்டார். அதற்கு 'மாப்ளே' என்று பெயர் வைத்திருக்கிறார். காலையில் சுவிட்சைப் போட்டதும், "என்ன மாப்ளே, நல்லாத் தூங்கினியா?" என்பார். அது உறுமும். மாப்பிள்ளைகளே அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

உழுவது, விதைப்பது, மக்காச்சோளத்துக்குள் புகும் பன்றியை விரட்டுவது எல்லாம் இவர். நிலம் மட்டும் அண்ணன் பேரில். அதனால் விவசாயிக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியம், நகரத்தில் மாடி வீட்டில் குடியிருக்கும் அண்ணன் கணக்குக்குப் போய்விடும். அண்ணனின் மொத்த விவசாயமும் பால்கனியில் இருக்கும் ஒரு ரோஜாத் தொட்டி. அதற்கும் அண்ணிதான் தண்ணீர் ஊற்றுகிறாள். ஆனால் மானியம் வேண்டுமென்றால் விவசாயி பயிருக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு போட்டோவுக்காக வருஷத்துக்கு ஒருமுறை அண்ணன் வருவார். மோட்டாரைத் தேடி வேறு யாரும் வருவதில்லை.

அன்று விடிந்ததிலிருந்து அவருக்குக் கை ஓயவில்லை. ஒட்டடை அடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் ஆடுகிற காலுக்குக் கம்பி சுற்றினார். கீரையும் முட்டையும் சமைத்து, இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

முதலில் வந்தது விவசாய அலுவலகத்து ஆள். சின்ன வயசு. பைக்கை நிறுத்திவிட்டு மோட்டாரின் உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயா, பயிர் வைக்கிறது நீங்கதானே?"

"சேச்சே, நான் சும்மா காவலுக்கு இருக்கேன் சார்."

"காவலுக்கு இருக்கிறவர் கை இப்படியா காய்ச்சுப் போகும்?"

"பன்னி விரட்டத் தடி புடிக்கிறேன்ல, அதான்."

ஆபீசர் சிரித்தார். "இந்த வருஷம் சட்டம் மாறிடுச்சுய்யா. யார் உழுறாங்களோ அவங்களுக்குத்தான் மானியம். பயிருக்குள்ள போய் நில்லுங்க, உங்க பேர்லயே ஏத்திடறேன்."

மோட்டார் பயிரைப் பார்த்தார். எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம். போய் நின்றால் மானியம் இவருக்கு. அப்புறம் அண்ணன் எதற்கு வருவார்? தம்பியைப் பார்க்கவா? நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

"அண்ணன்தான் சார் எல்லாம். பாவம், மாடா உழைப்பாரு."

சொல்லி வாய் மூடவில்லை, கார் வந்து நின்றது. உழைப்பாளி வெள்ளைச் சட்டையில் இறங்கினார். சென்ட் வாசனை அவருக்கு முன்னால் இறங்கியது.

"டேய், மண்வெட்டி எங்கடா? சீக்கிரம் குடு."

மண்வெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அண்ணன் பயிருக்குள் நின்றார். ஆபீசர் மோட்டாரைப் பார்த்தார். மோட்டார் ஏதோ பறவையைப் பார்ப்பவர்போல வானத்தைப் பார்த்தார். போட்டோ எடுத்தாயிற்று.

"இனிமே நீங்க அலைய வேண்டாம் சார்," என்றார் ஆபீசர் அண்ணனிடம். "இப்ப ஏத்தின பேரே இருக்கும். அடுத்த வருஷத்துல இருந்து பயிரை வானத்துல இருந்தே படம் எடுத்துக்குவாங்க."

"அப்பாடா! ஒரு தொல்லை விட்டுச்சு."

"அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டு..."

"இன்னொரு நாள் பார்க்கலாம்டா."

கார் கிளப்பிய புழுதி கவிழ்த்து வைத்த தட்டுகள்வரை வந்து படிந்தது. மோட்டார் மடமடவென்று ஓடி, கிளம்பப் போன பைக்கை மறித்தார்.

"சார்! சார்!"

ஆபீசர் வண்டியை அணைத்தார். "என்னய்யா, பேரை மாத்தணுமா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை."

"அது இல்ல சார்..." மோட்டார் தலையைச் சொறிந்தார். "சாப்பிட்டீங்களா?"

கம்பி சுற்றிய நாற்காலியில் ஆபீசர் உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"நல்லா இருக்குய்யா. உப்புதான் சுத்தமா இல்லை."

"அண்ணனுக்குப் பிரஷர் சார். அதான்."

ஆபீசரின் கை தட்டிலேயே நின்றது. மோட்டார் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து, அவருடைய தட்டோரமாக வைத்தார்.