முப்பத்தெட்டு சிவப்புக் கோடுகள்

தாராவியில் அந்தச் சந்துக்கு மாநகராட்சி வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. தபால்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை. லிஸ்ட் கோமதி சந்து என்றால் சயான் ஸ்டேஷனிலேயே வழி காட்டிவிடுவார்கள்.

கோமதியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் நெல்லையப்பன் விக்ரோலியில் வாட்ச்மேன். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே சந்தேகம் வரும், அத்தனை அமைதி. பேச்செல்லாம் கோமதிதான். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள், மராட்டியைத் தானாகவே எழுதிப் பழகி, சந்துக்கே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவளாக ஆகிவிட்டாள். ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், இறப்புச் சான்றிதழ் என்று எதுவானாலும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். காசு வாங்க மாட்டாள். ஆனால் அவளை விட்டுவிட்டு வேறிடத்துக்குப் போனவர்களை மறக்கவும் மாட்டாள். இலவசமாக உதவி செய்கிறவர்களில் இப்படி ஒரு ஜாதி உண்டு. காசு கேட்கிறவனோடு காலம் தள்ளுவது இவர்களோடு தள்ளுவதைவிட எளிது.

தேர்தல் வந்துவிட்டால் அவளுக்குத் தலை கால் புரியாது. பூத்தின் வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் குறி போடுவாள். நம்ம ஓட்டு என்றால் பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டம். எதிராளி ஓட்டு என்றால் ஒன்றும் இல்லை. மூன்று தேர்தலாக அவள் போட்ட கணக்குக்கும் எண்ணி வந்த ஓட்டுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. வார்டுக்கு நிற்கும் சுரேந்திரன் அண்ணாச்சி மேடையிலேயே சொல்வார், "கோமதி லிஸ்ட் போட்டா மெஷினைத் திறக்கவே வேண்டாம்." அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவள் ஐந்து வருஷம் வாழ்வாள்.

இந்த முறை மெஷினைத் திறந்தார்கள். சுரேந்திரன் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். ஒரு மெஷினின் சீல் நம்பர் காகிதத்தில் இருந்த நம்பரோடு ஒத்துப்போகவில்லை என்று அவருடைய ஆட்கள் கூச்சல் போட்டார்கள். மறுபடி எண்ணச் சொன்னதற்கு அதிகாரி மாட்டேன் என்றார். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. ஜெயித்தவர்கள் வெடி வெடித்தார்கள், தோற்றவர்கள் ஏமாற்று வேலை என்றார்கள். உண்மை எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கோமதிக்கோ வேறு கவலை. தன் பூத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வந்தது நூற்று எழுபத்து நாலு.

மறுநாள் காலை சுரேந்திரனின் ஆபீசில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"என்ன கோமதி, இப்பிடிக் கவுத்திட்டியே. உன் லிஸ்ட்ட நம்பித்தான உங்க பக்கமே வராம இருந்தேன்."

"என் லிஸ்ட் தப்பு இல்ல அண்ணாச்சி. என் கிட்ட சிரிச்சிட்டு உள்ள போயி மாத்திக் குத்திட்டானுவ."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன."

சுரேந்திரன் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அப்போதுதான் நாற்காலி வந்தது.

கோமதி உட்கார்ந்து குறிக்க ஆரம்பித்தாள். வட்டம் போட்ட பெயர்களில் துரோகி என்று தோன்றியதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. கோடு போட்ட பெயரின் வீட்டு நம்பர் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. முப்பத்து நாலு வரைக்கும் வேகமாகப் போனாள். அதிலும் எத்தனை தெரிந்து போட்டது, எத்தனை ஊகித்துப் போட்டது என்று அவளுக்கே வெளிச்சம். அப்புறம் கை நின்றது. இன்னும் நாலு வேண்டும். நாலு வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், அவள் பேரும் நிற்கும்.

தாஹிர் வீட்டில் நாலு ஓட்டு. தாஹிர், அவன் மனைவி மெஹக், தாய் நஜ்முன்னிசா, தம்பி இஜாஸ். தாஹிர் தோல் பை பட்டறையில் கட்டிங் பார்ப்பவன். கோமதி சொன்ன சின்னத்தைத் தவிர வேறு எதையும் அவன் அமுக்கியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பு மெஹக் வருமானச் சான்றிதழ் பாரத்தை கோமதியிடம் கொண்டுவராமல் மொபைல் கடையில் ஆன்லைனில் போட்டுவிட்டாள். கோமதி நாலு கோடு போட்டாள். முப்பத்தெட்டு. கணக்கு சரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு எட்டு பேர் வந்தார்கள். கையில் கோமதி லிஸ்டின் ஜெராக்ஸ். ஒருவன் வீட்டு நம்பரைப் படித்தான், மற்றவர்கள் கதவை உதைத்தார்கள். பாத்திரம் வெளியே பறந்தது, தையல் மெஷின் சாக்கடையில் விழுந்தது. ஓட்டு மாற்றிப் போட்டவர்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நாலாவது வீட்டிலேயே சந்துக்குப் புரிந்துவிட்டது. கோமதி தன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தாஹிர் சோறு பிசைந்த கையோடு வெளியே வந்தான். பயப்படவில்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தான்.

"நாங்களும் அண்ணாச்சி ஆளுதான், அண்ணே. எல்லாமே உங்களுக்குத்தான் போட்டோம்."

"லிஸ்டுல இருக்கு."

"கோமதி அக்காட்ட கேளுங்க. அவிய சொல்லுவாவ."

ஒருவன் வந்து கோமதியின் கதவைத் தட்டினான். "அக்கா, இந்த தாஹிர் நம்ம ஆளா?"

அவள் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். நம்ம ஆள்தான் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் லிஸ்ட் தப்பு. லிஸ்ட் தப்பு என்றால் இருபது பேர் முன்னால் அவள் சொன்னதெல்லாம் தப்பு. மறுபடி இரண்டு தட்டு. வாயைத் திறக்கத்தான் நினைத்தாள் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். திறக்கவில்லை.

"ஆள் இல்ல போல" என்று வெளியே குரல் கேட்டது. அப்புறம் இரும்புக் குழாயின் சத்தம், அதன் பிறகு மெஹக்கின் சத்தம்.

தாஹிர் சயான் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தான். சுரேந்திரன், "நான் யாரையும் அடிக்கச் சொல்லல, யாருன்னுதான் கேட்டேன்" என்றார். அடித்தவர்கள், தாங்கள் மிரட்டத்தான் போனோம், கூட்டத்தில் என்னவோ ஆகிவிட்டது என்றார்கள். கோமதியோ, அன்று மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்ததாக நெல்லையப்பனிடம்கூடச் சொன்னாள். அவர் அவளையே பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போனார்.

பத்தாம் நாள் மெஹக் அவள் வாசலில் வந்து நின்றாள். கணவன் இறந்த துக்க நாட்களான இத்தாவில் இருப்பவள் வெளியே போகக் கூடாது என்று மாமியார் தடுத்தும் கேட்காமல் வந்திருந்தாள்.

"போலீசுக்கு மராட்டியில எழுதிக் கொடுக்கணுமாம்க்கா. மொபைல் கடைக்காரன் பயப்படுதான். நீங்கதான் எழுதணும்."

கோமதி பேப்பர் எடுத்தாள். மெஹக் அழாமல் வரிசையாகச் சொன்னாள். எத்தனை பேர், எந்தப் பக்கம் வந்தார்கள், யார் கையில் குழாய். கடைசியாகச் சொன்னாள், "வீட்டு நம்பரப் போட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தது யாருன்னு கண்டுபிடிக்கணும். அத நல்லா அழுத்தி எழுதுங்க."

கோமதி எழுதினாள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

"படிச்சுக் காட்டுங்கக்கா."

கோமதி படித்தாள். காகிதத்தில் இல்லாத வரியையும் அதே குரலில், நல்லா அழுத்தியே படித்தாள். மெஹக் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு இதைவிடக் கேவலமாக எதுவும் செய்துவிட முடியாது. செய்தவள் அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

துணைக்கு வாங்க என்று மெஹக் கூப்பிட்டபோது மறுக்க வழியில்லை. ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஒருத்தி காகிதத்தை வாங்கி, கொடுத்தவளுக்கே முழுக்கப் படித்துக் காட்டுவதுதான் முறை என்று சொல்லி, வரிக்கு வரி ஹிந்தியில் படித்தாள். கோமதி இதை யோசித்திருக்கவில்லை. முப்பது வருஷமாக அவள் எழுதியதை அவளேதான் படித்துக் காட்டியிருக்கிறாள்.

போலீஸ்காரி படித்து முடித்தாள். மெஹக் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

"லிஸ்ட்டப் பத்தி ஒரு வரி இருக்குமே."

"இதுல இல்லையேம்மா."

மெஹக் திரும்பிக் கோமதியைப் பார்த்தாள். கோமதி மேஜைமேல் இருந்த ஸ்டாம்பு பேடைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேக்கணுமா? எழுதினது யாருன்னு சந்தேகம் இருந்தா பேரும் சேத்துக்கலாம்" என்றாள் போலீஸ்காரி.

"சேக்கணும் மேடம். அக்காவே எழுதுவாவ. எங்க சந்துல எல்லாப் பேரும் அவியளுக்குத் தெரியும்."

பேனா கோமதியின் பக்கம் வந்தது. இதுவும் சிவப்பாக இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாள். நீலப் பேனாதான். அவள் அந்த வரியை எழுதினாள். பெயர் வரவேண்டிய இடத்தில், அடையாளம் தெரியாத நபர் என்று அழகான மராட்டியில் எழுதி முடித்தாள். போலீஸ்காரி அதையும் சத்தமாகப் படித்தாள்.

மெஹக் எழுந்தாள். குரல் உயரவில்லை.

"தெரியாதவங்க இல்லக்கா. எங்க நாலு பேரையும் நல்லாத் தெரிஞ்சவங்க. அவிய கடைசியா உங்க பேரத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டாவ."

தனியாகவே வீட்டுக்குப் போனாள்.

சந்தில் யாரும் கோமதியை ஒன்றும் கேட்கவில்லை. மெஹக் சொல்லவில்லையா, சொல்லியும் பாரம் நிரப்ப ஆள் வேண்டும் என்று பேசாமல் இருக்கிறார்களா தெரியாது. இன்னமும் அவள் வாசலுக்கு வருகிறார்கள். கோர்ட்டில் சீல் நம்பர் கேஸ் நடக்கிறது. மறுதேர்தல் வந்தாலும் வரும் என்று சுரேந்திரன் புது வாக்காளர் பட்டியலை அனுப்பியிருந்தார். அதில் தாஹிரின் பெயரை இன்னும் எடுக்கவில்லை. இறந்தவர் பெயரை எடுப்பதற்கும் ஒரு பாரம் உண்டு, அதை மெஹக் யாரிடமும் நிரப்பக் கொடுக்கவில்லை.

கோமதி பென்சிலை எடுத்து முதல் பெயரிலிருந்து குறி போட்டுக்கொண்டே வந்தாள். தாஹிரின் பெயர் வந்ததும் நிறுத்தினாள். பிறகு பக்கத்தில் சின்னதாக, கவனமாக, ஒரு வட்டம் போட்டாள். நம்ம ஆள். அடுத்த பெயருக்குப் போனாள்.