மடியை உதறச் சொன்னார்கள்

எழுபதுகளின் நடுவில், சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் நான் காய் எடுத்துக்கொண்டிருந்த காலம். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அந்த வருஷம் பூ தொடங்குகிற சமயத்தில் மேனேஜர் வீட்டு விருந்தாளி ஒருவரை மலைத்தேனீ கொட்டிவிட்டது. முகம் வீங்கியதோடு சரி. ஆனால் மேனேஜர் விடவில்லை. பங்களாவை ஒட்டிய ஏலக்காட்டில், நிழல் மரங்களில் தொங்கிய கூடுகளை எல்லாம் பந்தம் கட்டிக் கொளுத்தச் சொன்னார். மரப்பொந்துகளில் இருந்த சிறு தேனீயைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மருந்தை ஊற்றி அடைத்தார்கள். மறுநாள் காலை அந்தக் காட்டில் ஒரு ரீங்காரம் இல்லை.

ஏலப் பூவில் தேனீ உட்கார்ந்தால்தான் காய் பிடிக்கும். அங்கே பூத்ததெல்லாம் வாடிக் கருகியது. காய் எடுப்பு வந்தபோது அந்தக் காடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என் பக்கத்து அறைக்காரியின் பங்குக்கு விழுந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள், கைக்குழந்தைக்காரி. அவள் கூடைதான் தினமும் குறைவு. திருடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எடை போடும் இடத்தில், எல்லார் முன்னாலும் கங்காணி அவளை நிறுத்தினார்.

"ஏத்தா, மடிய உதறு. காய எங்க கடத்துற?"

"செடியில இருந்தாத்தானய்யா மடியில இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே உதறினாள். பிள்ளைக்கு வைத்திருந்த அவித்த கப்பக்கிழங்குத் துண்டுதான் விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. கங்காணியை அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய், செடித் தூரில் கிடந்த பூச்சரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க, கருகின பூவுதான் இருக்கு. ஈயக் கொளுத்திப்புட்டு காயக் கேட்டா எங்கிட்டிருந்து வரும்?"

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதா தாயி? பந்தம் பிடிச்சதே நாந்தான். இதப் போயி மேனேஜர் தொரைகிட்ட சொன்னா என் சீட்டக் கிழிச்சிருவாரு."

"அப்ப அவ சீட்டக் கிழிக்கலாமா?"

அவர் எடை போடும் இடத்துக்குத் திரும்பி நடந்தார்.

மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லயத்து அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குமுளிப் பாதையில் நடந்து போனாள்.

அடுத்த பூவுக்கு அதே மேனேஜர் லாரியில் தேனீப் பெட்டிகளை வரவழைத்து, அதே காட்டில் வைத்தார். காய் கொத்துக்கொத்தாகப் பிடித்தது. அப்படியானால் அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அவளைத் தேடி ஒரு ஆளை அனுப்பவில்லை.

இப்போதும் எங்கேயாவது விளைச்சல் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் யார் மடியை உதறினீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.