போடிமெட்டு இறக்கத்தில் பின்சீட்டு

எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பிரசவம் பார்ப்பதுதான் சந்திரவல்லியின் வேலை. கொடி சுற்றிய பிள்ளை, கால் முந்திய பிள்ளை என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள், பதறியதில்லை. அப்படிப்பட்டவளுக்குச் சனிக்கிழமை மதியம் வந்தாலே பயம். அன்றுதான் போடிமெட்டிலிருந்து கீழே போடிக்கு, புருஷன் சோலைமலையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து இறங்க வேண்டும்.

சோலைமலைக்கும் மலையில்தான் சோலி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மேஸ்திரி. எழுபத்தெட்டாம் வருஷம், ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினான். எருமைக்கடா மாதிரி கனம். அதிலேயே இருவரும் திருச்செந்தூர் வரை போய்வந்தார்கள். சமவெளி ரோட்டில் அது தேர் மாதிரி ஓடியது. நான்கு வயது மகள் பொன்னுமணியை போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் சந்திரவல்லியின் தாய்வீட்டில் விட்டுவிட்டு, திங்கட்கிழமை மலையேறி, சனிக்கிழமை இறங்குவார்கள். பின்சீட்டுக்கும் பின்னால், வால்பக்கக் கேரியரில் அவளுடைய தகர மருந்துப்பெட்டி; அதன் மேல் இரண்டு பேரின் படுக்கைச் சுருள்.

எண்பதாம் வருஷ மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. ஒரு வளைவில் திரும்பும்போது, அவளுடைய இடுப்புக்குக் கீழே வண்டியின் பின்பாதி மட்டும் தனியாக ஒருபக்கம் நழுவித் திரும்பி வந்தது. ஒரு நொடிதான்.

“என்னங்க, பின்னால ஆடுச்சே?”

“ரோடு அப்படிக் கெடக்கு. நீ அசையாம உக்காரு.”

அடுத்த வாரமும் ஆடியது. அதற்கடுத்த வாரம் முன்பக்கமும் சேர்ந்து நடுங்கியது. போடியில் வண்டிகளைப் பழுது பார்க்கும் வீரணனிடம் காட்டினார்கள். அவன் டயருக்குக் காற்றடித்து, சங்கிலியை இழுத்துக் கட்டி, “மல ரோடுன்னா கொஞ்சம் ஆடத்தாண்ணே செய்யும்” என்று அனுப்பிவிட்டான்.

அதிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டே இறங்கப் பழகினாள். மூடினால் இன்னும் மோசம். பதினேழு கொண்டை ஊசி வளைவும் உடம்புக்குத் தெரியும். எந்த வளைவில் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது, எதில் சுவரே இல்லை என்பதும் தெரியும். இரண்டு பேரும் ஒரே வண்டியில் இருக்கிறோம், போனால் இரண்டு பேரும் போவோம், பொன்னுமணிக்கு யார் என்ற நினைப்பு வரும். சோலைமலையிடம் சொன்னால், சட்டையைப் பிடித்திருக்கும் அவள் விரல்களை ஒரு கையால் தட்டிக்கொடுப்பான். ‘ரெண்டு கையாலயும் பிடிங்க’ என்று அவள் அலறுவாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. மழை விட்டு, பத்தடிக்கு மேல் ரோடு தெரியாதபடி மஞ்சு இறங்கியிருந்தது. ஒன்பதாவது வளைவுக்கு முந்திய இறக்கத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. பின்பாதி அதற்கு எதிராக வீசியது. சோலைமலை பிரேக்கை மிதித்தான்; ஆட்டம் கூடியது. அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மஞ்சுக்குள் வெள்ளையடித்த கல் ஒன்று நேராக வந்தது. சக்கரம் அதில் மோதி, வண்டி சாய்ந்து, மூன்று பேர் மாதிரி ஒன்றாக விழுந்தார்கள்: அவன், அவள், அந்த வண்டி. கல்லுக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. மருந்துப்பெட்டி திறந்து ஒரு பாட்டில் உருண்டு போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

முழங்கையில் சிராய்ப்போடு அவள் எழுந்து பார்த்தாள். சோலைமலை ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

“எனக்கும் பயந்தான் வல்லி,” என்றான். “மூணு மாசமா ஒவ்வொரு சனிக்கெழமையும் செத்துச் செத்துத்தான் எறங்குறேன். சொன்னா நீ ஏற மாட்டியேன்னு சொல்லல.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் தைரியமாக இருக்கிறான் என்ற ஒன்றை நம்பித்தானே இத்தனை நாள் ஏறினோம் என்று நினைத்தபோது, விழுந்தபோது இருந்ததைவிட அதிகமாகப் பயந்தாள். மிச்ச வளைவெல்லாம் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் வரை நடந்தார்கள்.

மறுநாள் வீரணனின் பட்டறையில் அவளே போய் நின்றாள்.

“தம்பி, நேத்து ஹேண்டில்பார்தான் மொதல்ல அடிச்சுக்கிச்சு. முன்சக்கரத்தத் தூக்கி நிறுத்துங்க.”

நடு ஸ்டாண்டில் போட்டு சோலைமலை பின்னால் அழுத்த, முன்சக்கரம் எழும்பியது. அவள் முன்னால் குத்தவைத்து, சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களையும் பிடித்துத் தன்பக்கம் இழுத்தாள், தள்ளினாள். மறுபடி இழுத்தாள். விரலுக்குள் ஏதோ ஒரு நூலளவு நகர்ந்து நின்றது.

“இந்தா, இங்க பிடிங்க. தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலயே மதினி.”

“கையத் தொடச்சுட்டு மெதுவாப் பிடிங்க. முறுக்காதீங்க.”

வீரணன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பிடித்தான். அவன் முகம் மாறியது. “ஆமா மதினி. ‘டொக்’குங்குது.”

கழற்றிப் பார்த்தால், ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்துக்குள் இருந்த இரும்புக் குண்டுகள், அவை உட்காரும் கிண்ணத்தில் குழி பறித்திருந்தன. கிரீஸ் கருகிப் பொடியாகியிருந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் கவை வண்டியோடு சேருமிடத்து புஷ் வளையமும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கழுத்தும் லூசு, இடுப்பும் லூசு. மதுரையிலிருந்து சாமான் வரப் பதினைந்து நாள் ஆனது. மாற்றி முடித்த வீரணன், கேரியரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால தொங்குதுண்ணே. பின்னால கனம் ஏறுனா முன்சக்கரம் எங்க ரோட்டப் பிடிக்கும்? சாமான ரெண்டாப் பிரிச்சு, சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தாழ்வாத் தொங்கவிடுங்க. ரெண்டு பேரு ஏறுற நாளு பின்டயர்ல காத்தும் கூட வேணும்.”

“அன்னைக்கு மல ரோடுன்னா ஆடும்னீங்களே தம்பி?” என்று கேட்டாள் சந்திரவல்லி. அவன் பம்பை எடுத்துப் பின்டயரில் மாட்டினான்.

வண்டி சரியானாலும் அடுத்த சனிக்கிழமை ஆள் ஏற்றும் ஜீப்பில் வந்துவிடலாம் என்று சோலைமலையே சொன்னான். அவள், இப்போது பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கிய மருந்துப் பைகளை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள். கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே அவன் கியரைக் குறைத்தான். வளைவுக்குள் பிரேக்கைத் தொடவில்லை. அந்த வெள்ளைக் கல் வந்தது. வண்டி கம்பியில் கோத்த மாதிரி திரும்பியது.

முந்தலில் இறங்கியதும் அவள் ரோட்டோரமாகப் போய் வாந்தியெடுத்தாள்.

“இன்னைக்கு ஆடவே இல்லையே வல்லி?” என்றான் அவன், தண்ணீரை நீட்டியபடி.

“வண்டி ஆடல. எனக்குத்தான் இன்னும் நிக்கல.”

அது நிற்கவும் இல்லை. எண்பத்தேழில் அவளுக்குக் கீழே போடியிலேயே வேலை கிடைக்கும்வரை அந்த வண்டியில்தான் ஏறி இறங்கினார்கள். பிறகு ஒருமுறைகூட விழவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலைச் சோறு மட்டும் அவளுக்குக் கடைசிவரை இறங்கியதில்லை.